இருபது வெள்ளிக்கு ஜான் புரோக்டர்: சுங்கை சிப்புட் மேடை நாடகம், ஒரு மதிப்பீடு

ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபில்’ நாடகத்தைத் தமிழில் போடுகிறோம் என்று ஒரு தோட்டப் பட்டணத்துக் குழு டிக்கெட் அச்சடித்தால், உடனே எழும் சந்தேகம் ஒன்றுதான்: ஜான் புரோக்டரை என்ன செய்யப்போகிறார்கள்? ஊரே சூனியப் பயத்தில் ஆடுகிறது. நடுவில் ஒரு குடியானவன் பொய்யில் கையெழுத்துப் போட மறுத்துத் தூக்குமரம் ஏறுகிறான். இப்படி ஒரு ஆளைக் கண்டால் நம் மேடைக்குக் கை அரிக்கும். அவனுக்கு ஒரு மாலை, ஒரு மண்டியிடல், தொண்டை கிழிய ஒரு வசனம் என்று தியாகி ஆக்கிவிடும். சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று இரவுகள் நடந்த இந்த நாடகம் அந்தப் பள்ளத்தை மூன்று அங்கம் வரை அழகாகத் தாண்டி வந்து, நான்காம் அங்கத்தில் போய் விழுகிறது. அப்படியிருந்தும் பெரியவர்களுக்கு 20 வெள்ளி, மாணவர்களுக்கு 10 வெள்ளி என்பது கொடுக்கத் தகுந்த காசு. இதே குழு வேறு பட்டணங்களுக்கும் போகப்போவதாகச் சொல்கிறது. அதனால் எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்தவேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கதை தெரியாதவர்களுக்கு: இது 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளை வைத்து எழுதப்பட்டது. (நோட்டீஸில் வெறுமனே ‘சேலம்’ என்று போட்டிருந்ததால் தமிழ்நாட்டுக் கதை என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. அடுத்த முறை மாசசூசெட்ஸ் என்று ஒரு சொல் சேர்த்துவிடலாம்.) அந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எண்பதைத் தொட்ட கைல்ஸ் கோரி என்ற முதியவர் வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்ததால், மார்பின்மேல் பாறாங்கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். எவரையும் உயிரோடு எரிக்கவில்லை. ஆனால் இந்த நாடகத்தின் சுவரொட்டியில் ஒரு பெண் தீ நாக்குகளுக்கு நடுவே நிற்கிறாள். எரித்தது ஐரோப்பாவில், சேலத்தில் கயிறுதான். மில்லரின் கடைசிக் காட்சி முழுவதும் தூக்குமரத்தை நோக்கியே நடக்கிறது என்பதால் இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியவில்லை.

நாயகனுக்கு வருவோம். துன்பியல் நாயகன் உயர்ந்த இடத்திலிருந்து விழவேண்டும், முழு நல்லவனாகவோ முழுக் கெட்டவனாகவோ இருக்கக்கூடாது, ஒரு பிழையால் கவிழவேண்டும் என்பது அரிஸ்டாட்டில் போட்ட கணக்கு. மில்லர் 1949-ல் எழுதிய ஒரு கட்டுரையில், அரசனுக்கு மட்டும் அந்த உரிமை எதற்கு, சாமானியனும் துன்பியலுக்குத் தகுதியானவன்தான் என்று வாதிட்டார். தன் மானத்தைக் காக்க உயிரையும் வைக்கத் துணிபவன் எவனோ அவன்தான் நாயகன் என்பது அவர் கட்சி. நான்கு ஆண்டு கழித்து, 1953-ல், நியூயார்க்கில் மேடையேறிய புரோக்டர் அந்தக் கட்சிக்கு ஒரு சாட்சி. அவனுக்கு நிலம் உண்டு, ஊரில் மரியாதை உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு. பட்டமோ பதவியோ கிடையாது.

அவன் பிழை நாடகம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வந்த அபிகேலோடு தகாத உறவு. மனைவி எலிசபெத் கண்டுபிடித்து அவளை வெளியே அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. குடும்பத்தோடு பார்க்க வரும் கூட்டத்துக்குப் பயந்து இதை ‘ஒருதலைக் காதல்’ என்று மழுப்பிவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. மழுப்பினால் மூன்றாம் அங்கம் அடியோடு சரிந்துவிடும்: மறைக்க ஒன்றுமில்லாத மனைவி நீதிமன்றத்தில் எதற்காகப் பொய் சொல்லவேண்டும்? இந்தக் குழு மழுப்பவில்லை. முதல் அங்கத்தில் இருவரும் தனியாக நிற்கும் ஒரு நிமிடத்தில், புரோக்டர் அவளை விலக்கிப் பேசுகிறான், கண் மட்டும் விலகவில்லை. நடிகர் அதைத் தொடாமலே காட்டுகிறார். அபிகேலாக நடித்த பெண் பதினெட்டைத் தாண்டியவர் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். பொறுப்பான காரியம். உண்மை வரலாற்றில் அபிகேல் வில்லியம்ஸுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான் வயது, புரோக்டருக்கு அறுபது. மில்லர்தான் ஒருத்தியைப் பதினேழாக ஏற்றி, மற்றவனை முப்பதுகளின் நடுவுக்கு இறக்கி, இருவருக்கும் நடுவே ஒரு பழைய நெருப்பை வைத்தார். தகாத உறவு நாடகத்தின் கற்பனை, தூக்கு வரலாறு. உண்மையான ஜான் புரோக்டர் 1692 ஆகஸ்ட் 19-ல் தூக்கிலிடப்பட்டார். மனைவி கர்ப்பமாக இருந்ததால் தப்பினார்.

இரண்டாவது பிழையைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தத் தயாரிப்பு அதைப் பிடித்திருக்கிறது என்பதற்காகவே தனியாகக் கைதட்டலாம். அது தாமதம். காட்டில் ஆட்டம் போட்டதும் பயந்ததும்தான் நடந்தது, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று அபிகேல் முதல் அங்கத்திலேயே அவன் காதில் சொல்லிவிடுகிறாள். அவனுக்கு உண்மை தெரியும். அதன்பின் எட்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். போய்ச் சொன்னால், அவளோடு தனியாக நின்ற கதையையும் சொல்லவேண்டும். பழைய தவறை மூட, புதிய தவறை வளரவிடுகிறான். இரண்டாம் அங்கத்தில் எலிசபெத் ‘பதினாலு பேர் சிறையில்’ என்கிறாள். கொஞ்ச நேரத்தில் வேலைக்காரப் பெண் மேரி வாரன் வந்து ‘முப்பத்தொன்பது’ என்கிறாள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே புரோக்டராக நடித்தவர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கையிலிருந்த தொப்பியை மேசையில் வைக்கப் போய், வைக்காமல் நிற்கிறார். அந்த ஒரு நொடியில் தாமதத்தின் விலை விளங்கிவிடுகிறது.

அதே அங்கத்தின் தொடக்கம்தான் இரவின் சிறந்த நிமிடம். புரோக்டர் வயலிலிருந்து வருகிறான். மனைவி மாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் சட்டியைத் திறந்து கரண்டியால் ருசி பார்க்கிறான், முகம் சுளிக்கிறான், உப்பை மூன்று விரலால் அள்ளிப் போடுகிறான். அவள் இறங்கி வந்து பரிமாறியதும், ஒன்றும் தெரியாதவன்போல் உப்பு சரியாக இருக்கிறது என்று பாராட்டுகிறான். அவள் முகம் மலர்கிறது. கூட்டம் சிரித்தது. சிரிப்போடு ஒரு ‘ச்சு’ சத்தமும் கேட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. உப்பு போட்டதைச் சொல்ல முடியாத அளவுக்கு அந்த வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் தாஜா பண்ணிக்கொண்டு வாழ்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நடிகர் இதைப் பார்வையாளருக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு செய்தது சரி. முழுவதும் நேராகத் திரும்பிச் செய்தால் நகைச்சுவைத் துணுக்கு ஆகிவிடும். சட்டியில் மஞ்சள் கலந்த வெந்நீர்தான் இருந்திருக்கவேண்டும். ஆவி தெரிந்தது, அது போதும். உப்பு ஜாடியை மட்டும் பாட்டாளி வீட்டு மரக்கிண்ணமாக மாற்றுங்கள். கடையில் வாங்கிய கண்ணாடி ஜாடி விளக்கில் பளபளத்தது.

பத்துக் கட்டளைக் காட்சியும் நன்றாக வந்திருக்கிறது. பாதிரியார் ஹேல் கேட்க, புரோக்டர் விரல் விட்டு எண்ணுகிறான். ஒன்பது வந்துவிடுகிறது, ஒன்று வரவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறான். பிறன்மனை விழையாதே என்ற கட்டளையை மனைவிதான் எடுத்துக் கொடுக்கிறாள். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், பத்துக் கட்டளை யாருக்கும் மனப்பாடம் இருக்காது. அதனால் கையேட்டின் பின்பக்கத்தில் பத்தையும் அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் விளக்கணைந்தபின் யார் படிப்பது? உள்ளே நுழைந்ததும் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் எடுத்த முடிவும் பாராட்டத்தக்கது. நீதிபதிகளும் பாதிரியார்களும் மேடைத் தமிழ் பேசுகிறார்கள். புரோக்டரும் கோரியும் வீட்டுத் தமிழ் பேசுகிறார்கள், அதுவும் நம் பக்கத்துத் தமிழ். மூன்றாம் அங்கத்தில் புரோக்டர் நீதிபதிக்கு முன்னால் அவர்கள் பேச்சை முயன்று தடுமாறுகிறான். ஒரு குடியானவன் தெரியாத இடத்தில் நிற்கிறான் என்பது வசனத்திலேயே வந்துவிடுகிறது.

மூன்றாம் அங்கம் நீதிமன்றம். துன்பியலில் தலைகீழ் திருப்பம் என்று சொல்வார்களே, அதற்குப் பாடமாக வைக்கக்கூடிய காட்சி. மனைவியைக் காப்பாற்ற புரோக்டர் தன் கள்ள உறவைத் தானே நீதிமன்றத்தில் போட்டு உடைக்கிறான். என் மனைவி வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, அவளைக் கேளுங்கள் என்கிறான். அவளை அழைக்கிறார்கள். அவன் ஒப்புக்கொண்டது அவளுக்குத் தெரியாது. புருஷன் மானத்தைக் காப்பதாக நினைத்து, வாழ்நாளின் ஒரே பொய்யை அங்கே சொல்கிறாள். அவன் நம்பியது அவள் உண்மையை. கவிழ்த்தது அவள் அன்பு.

இதற்கு மேடையில் ஆள் நிறுத்தும் இடம் மிக முக்கியம். நீதிபதி புரோக்டரையும் அபிகேலையும் முதுகு காட்டி நிற்கச் சொல்கிறார், எலிசபெத் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் தேடக்கூடாது என்பதற்காக. பல தயாரிப்புகளில் புரோக்டரைப் பின்சுவர் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அப்போது பார்வையாளருக்கும் அவன் முகம் போய்விடும். இங்கே எலிசபெத்தை மேடையின் நடுவில், சற்றுப் பின்னால் நிறுத்தி, புரோக்டரை மேடை விளிம்புக்கு ஆறடி தள்ளி நம்மைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அவள் திணறத் திணற, அவன் முகத்தில் நம்பிக்கை கரைவதை மண்டபம் முழுவதும் பார்க்கிறது. சனிக்கிழமைக் காட்சியில் ஒரு சறுக்கல். அவளை வெளியே கொண்டுபோய்க் கதவு மூடும் நேரத்தில்தான் அவன் ‘நான் ஒத்துக்கிட்டேன்’ என்று கத்தவேண்டும். கத்தல் முந்திவிட்டதால், அவள் அதைக் கேட்டுத் திரும்பும் வலி பாதியாகிவிட்டது. கதவு ஆள்தான் குறி: அவர் கை கைப்பிடியில் பட்டபின்புதான் வசனம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

சிறுமிகள் மஞ்சள் பறவையைப் பார்த்து அலறும் இடம் எல்லாத் தயாரிப்பிலும் ஆபத்தான இடம். ஐந்து பேர் ஐந்து திசையில் பார்த்தால் கூட்டம் சிரித்துவிடும். கூரையில் ஒரு குறிப்பிட்ட திருகாணியையோ விளக்கையோ குறித்துக்கொடுத்து, எல்லார் கண்ணும் அதிலேயே நிற்கவேண்டும். பறவை நகரும்போதும் ஒருத்தியின் கையைப் பார்த்து மற்றவர்கள் நகரவேண்டும். முதல் இரவில் இது சரியாக வந்தது, மண்டபத்தில் பாதிப்பேர் தலையைத் தூக்கி விசிறியைப் பார்த்தார்கள்! ஞாயிறன்று களைப்பில் குலைந்தது. மேரி வாரனாக நடித்தவர் மூன்று இரவும் ஒரே தரம். நீதிபதி மயங்கி விழச் சொல்ல, விழ முடியாமல் அவர் நிற்கும் இடத்தில் கை நடுக்கம் விரல் நுனியில் தொடங்கித் தோள்வரை ஏறுகிறது. புரோக்டரின் கதி இந்தப் பெண்ணின் நடுக்கத்தில்தான் தொங்குகிறது என்பதை அவர் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார்.

டான்ஃபோர்த் நீதிபதிதான் பெருங்குறை. அவரை வில்லனாக்கிவிட்டார்கள். புருவம் உயர்கிறது, சிரிப்பு கோணுகிறது, குரல் கர்ஜிக்கிறது. மில்லரின் டான்ஃபோர்த் நிதானமானவர், மரியாதை தெரிந்தவர், தான் செய்வது நீதி என்று மனதார நம்புகிறவர். அதனால்தான் அவர் பயங்கரம். அவரிடம் 91 பேர் கையெழுத்திட்ட நற்சான்றை நீட்டினால், அந்த 91 பேரையும் விசாரணைக்கு அழைக்க உத்தரவு போடுகிறார், குரலை உயர்த்தாமல். எதிரே நிற்பவன் கோமாளி வில்லனாக இருந்தால் நாயகனின் உயரமும் குறைந்துபோகும். சந்தேகம் வந்தால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஒரு மேலதிகாரியின் முகத்தை அந்த நடிகர் தேடிக்கொள்ளட்டும். நமக்கு அப்படிப்பட்டவர்களைத் தெரியாதா என்ன?

ஆள் பங்கீடு கெட்டிக்காரத்தனம். இருபது சொச்சம் பாத்திரங்களைப் பதின்மூன்று பேர் தாங்குகிறார்கள். முதல் அங்கத்தில் மட்டும் வந்து அயலார்மேல் சூனியப் பழி போடும் திருமதி புட்னம் நான்காம் அங்கத்தில் சிறைக்குள் சாரா குட் என்ற கைதியாக வருகிறார். குற்றம் சாட்டியவளின் முகமே குற்றவாளியின் முகமாகத் திரும்பி வருகிறது. முகத்தில் கொஞ்சம் சாம்பலும் ஒரு கிழிந்த முக்காடும்தான் மாற்றம்.

இனி உறுமி. நம் ஊர் நாடகத்தில் உறுமி இல்லாமல் முடியுமா? அதை வைத்த இடம் ஒன்று சரி, ஒன்று தப்பு. சிறுமிகள் நீதிமன்றத்தில் ஆடத் தொடங்கும்போது உறுமி தாழ்வாக இழுக்கிறது. தைப்பூசத்திலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் அந்தச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடுபவர்களைப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு, மேடையில் நடப்பது நடிப்பா வேறேதுமா என்ற குழப்பம் உடம்பிலேயே வந்துவிடுகிறது. சேலத்து நீதிபதிகளுக்கு இருந்த அதே குழப்பம். ஆனால் நாடகத்தைத் தொடங்குவதும் உறுமியோடு ஒரு காட்டு ஆட்டம். ஆறு நிமிடம். மில்லர் இதை எழுதவில்லை. காட்டில் நடந்ததை நாம் பார்க்கவே மாட்டோம், ஆளாளுக்குச் சொல்வதைத்தான் கேட்போம். ஆட்டத்தைக் காட்டிவிட்டால், சிறுமிகள் சொல்வது பொய் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோகிறது, முதல் அங்கத்தின் மர்மம் காற்றுப்போன பலூன். அந்த ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டு, நான்காம் அங்கத்துக்குக் கொடுக்கலாம்.

அந்த நான்காம் அங்கம்தான் வழக்கே. மூன்று மாதச் சிறைக்குப்பின் புரோக்டர் தாடியும் அழுக்குமாக வருகிறான். சங்கிலி அசல் இரும்பு, ஒன்றரை மீட்டர் நாய்ச் சங்கிலி இரண்டு. பிளாஸ்டிக் சங்கிலிக்குச் சத்தம் வராது, இது நல்ல தேர்வு. வேடமும் சரி. கணவன் மனைவி இருவரும் பேசும் இடத்தில் எலிசபெத், தன் குளிர்ந்த மனமும் அவன் வழி தவறியதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்வது நெஞ்சைத் தொடும்படி வந்திருக்கிறது. அதுவரை எல்லாம் சரி.

இங்கே புரோக்டரின் மனதில் ஓடுவதைக் கவனிக்கவேண்டும். அவன் பொய்யாகச் சூனியத்தை ஒப்புக்கொண்டு உயிரோடு வாழ முடிவு செய்கிறான். ஏன்? ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டியைப்போல் புனிதமானவர்களோடு தூக்குமரம் ஏறும் தகுதி தனக்கு இல்லை என்று நினைக்கிறான். தன்னைப்போல் ஒரு பாவி தியாகிபோல் சாவது வேஷம், அதைவிடப் பொய் சொல்லி வாழ்வது நேர்மை என்பது அவன் கணக்கு. சேலத்தின் விதியும் அப்படித்தான்: ஒப்புக்கொண்டவர்களை விட்டுவைத்தார்கள், மறுத்தவர்கள் தூக்கில் தொங்கினார்கள். கையெழுத்தும் போட்டுவிடுகிறான். தேவாலயக் கதவில் ஒட்டுவதற்காக அந்தத் தாளைக் கொடுக்கவேண்டிய நேரத்தில்தான் மனம் மாறுகிறது. மற்றவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னபோதே சொல்லமாட்டேன் என்றவன் அவன். தன் பெயரைக் கதவில் தொங்கவிடவும் முடியவில்லை. ஆன்மாவைக் கொடுத்துவிட்டேன், பெயரையாவது விட்டுவைக்கச் சொல்கிறான். தாளைக் கிழித்துக் கசக்கும்போதுதான், தனக்குள்ளும் ஒரு துளி நன்மை மிச்சமிருக்கிறது என்று முதன்முறையாகக் காண்கிறான். அதுதான் அவனுடைய அறிதல். வெட்கத்திலிருந்து வருகிறது, வீரத்திலிருந்து வரவில்லை.

இந்தக் குழுவின் பிரதியில் அந்த இடத்தில் அரைப் பக்கம் புதிய வசனம் சேர்த்திருக்கிறார்கள். உண்மை, சமுதாயம், தலைமுறை, வரலாறு எல்லாம் வருகின்றன. நடிகர் கை உயர்த்தி முழங்குகிறார். வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது. நடிகருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் தியாகிபோல் நிற்கமாட்டேன் என்று ஐந்து நிமிடம் முன்னால் சொன்னவன் தியாகிபோலவே நின்றுவிட்டான். சேர்த்த அரைப் பக்கம் மில்லரின் நாலு பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டது. தாளைக் கிழித்தபின் நாலு நொடி ஒன்றும் பேசாமல் நின்றால் போதும். அந்த நாலு நொடி இந்த நடிகரால் முடியும் என்பதை உப்புக் காட்சியில் பார்த்துவிட்டோமே.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண 80 கிராம் ஏ4 தாளைப் பயன்படுத்துகிறார்கள். அது கூசாமல் நேராகக் கிழிந்துவிடும், இழுபறி தெரியாது. சட்டைக் காலரில் மைக் இருப்பதால் கசக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் இடிபோல் வெடிக்கிறது, மனைவி பேசும் அடுத்த வரி கேட்பதில்லை. கொஞ்சம் கனமான, 120 கிராம் பழுப்புத் தாள் எடுத்து, மேல்விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் முன்கூட்டியே கீறி வைத்தால், கிழியத் தொடங்கும் இடம் கை நடுக்கத்திலும் தவறாது. கிழிக்கும்போது கையை மார்பிலிருந்து விலக்கி இடுப்பு உயரத்துக்கு இறக்கவேண்டும். ஒலி ஆளும் அந்த இடத்தில் மைக்கைப் பாதிக்குக் குறைக்கவேண்டும். ஒரு காட்சிக்கு இரண்டு உபரித் தாள் ஒப்பனை அறையில் இருக்கட்டும். இறகுப் பேனாவில் மை தொட்டு எழுதும் இடத்தில் மை வரவில்லை என்பது கடைசி இரவில் மூன்றாம் வரிசைக்கே தெரிந்தது. தாளில் பென்சிலால் பெயரை மெல்ல முன்பே எழுதி வைத்துவிடலாம்.

உடைகள் எல்லாம் கறுப்பு. வாடகைக்குக் கிடைத்தவை என்று தெரிகிறது, பட்டமளிப்பு அங்கியின் வெட்டு. சேலத்தில் வாழ்ந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் கறுப்பில் மட்டும் வாழவில்லை. மங்கிய பழுப்பு, செம்மண் நிறம், ஆலிவ் பச்சை எல்லாம் அணிந்தார்கள். புரோக்டருக்கு ஒரு பழுப்புப் பருத்திச் சட்டை கொடுத்தால் வயலில் இருந்து வந்தவன் என்று நம்பலாம், மண்டபத்து வெக்கையில் அவருக்கும் கொஞ்சம் மூச்சு விடும்.

பேராக் தோட்டப்புறத்தில் இந்தக் கதைக்கு ஒரு கூடுதல் கனமும் இருக்கிறது. இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1948 ஜூன் 16-ல் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. விசாரணையின்றித் தடுப்புக்காவல், காட்டிக்கொடுக்கும் பேச்சு, யார் பெயரை யார் சொன்னார் என்ற சந்தேகம் எல்லாம் லயங்களுக்குள் வந்தன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மில்லர் தன் நாடகத்தை எழுதியதும் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அதே ஆண்டுகளில்தான். 1956-ல் அவரே நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்துத் தண்டனை பெற்றார். 1958-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இயக்குநர் இந்த ஒப்புமையை மேடையில் எங்கும் திணிக்கவில்லை. கையேட்டில் நாலு வரி போட்டுவிட்டு விட்டுவிட்டார். பெரியவர்கள் சிலர் இடைவேளையில் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டால், அந்த நாலு வரியே போதுமானது.

சூனியம் என்றதும் செய்வினை, ஏவல், போமோ என்று நினைத்து வருபவர்களுக்கு ஒன்று: இதில் பேயோட்டம் கிடையாது. பயமுறுத்தும் காட்சி என்று பார்த்தால் நீதிமன்ற ஆட்டம் மட்டும்தான். ஆனாலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை விட்டுவிட்டு வாருங்கள். சிறுமிகள் அலறும்போது முன்வரிசைக் குழந்தை ஒன்றும் சேர்ந்து அலறி, அம்மா தூக்கிக்கொண்டு ஓடினார். படிவம் நான்குக்கு மேல் படிக்கும் மாணவர்களுக்குப் பொருந்தும்.

மண்டப விவரம்: ஏர்கான் இல்லை. பெரிய நின்றுசுழலும் விசிறிகள் ஆறு. பின்னால் எட்டாம் வரிசைக்கு அப்பால் விசிறிச் சத்தம் வீட்டுப் பேச்சைத் தின்றுவிடுகிறது, உப்புக் காட்சி போய்விடும். காலர் மைக் நாலுதான், மற்றவர்களுக்கு மேடை விளிம்பில் வைத்த இரண்டு மைக். ஆகவே மூன்றிலிருந்து ஏழாம் வரிசைக்குள், மேடைக்கு இடப்புறம் உட்காருங்கள். நீதிமன்றத்தில் புரோக்டர் நிற்பது அந்தப் பக்கம்தான். டிக்கெட்டில் 7.30 என்று போட்டிருந்தாலும் திரை ஏறுவது எட்டு மணிக்குத்தான். முடியும்போது பதினொன்றை நெருங்குகிறது, பஸ் நம்பி வருபவர்கள் திரும்பிப் போக ஏற்பாடு செய்துகொண்டு வரவேண்டும். இடைவேளை இருபது நிமிடம், இரண்டாம் அங்கத்துக்குப் பிறகு. மீகூன் பொட்டலம் 4 வெள்ளி, சூடாக இருக்கிறது. தே ஓ மட்டும் சர்க்கரைப் பாகு. கழிப்பறை பெண்களுக்கு இரண்டுதான், மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள்.

வாசலில் ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள், கியூஆர் கிடையாது. மாணவர் விலைக்குப் பள்ளி அட்டை கேட்கிறார்கள். சனிக்கிழமை ஏழு மணிக்கே இடம் நிரம்பிவிட்டது. அடுத்த பட்டணத்தில் பார்ப்பதென்றால் முதல் இரவைத் தேர்ந்தெடுங்கள், நடிகர்கள் களைக்கும் முன்.